கொலுவுக்குப் பேப்பர், திண்ணைக்குப் பால் கவர்

பழைய பேப்பரில் பொம்மை செய்வதா, பிளாஸ்டிக் பையை வெட்டிப் பின்னுவதா, எது நல்லது என்று என்னைக் கேட்டால், எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். கும்பகோணத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு முதல் விஷயமே வெயில்தான்.

பேப்பரில் நமக்குப் பரம்பரையே இருக்கிறது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் உடம்பில் பாதி காகிதக்கூழ்தானே. ஆனால் வீட்டில் செய்யும்போது கூழை விட ஒட்டு வேலைதான் சுலபம். கூழ் காயும்போது சுருங்கும், நேற்று எடுப்பாக வைத்த மூக்கு நாளை மறுநாள் கன்னத்தோடு போய்விடும். அதற்குப் பதில் ஒரு பழைய சொம்பையோ பலூனையோ அச்சாக வைத்து, கையால் கிழித்த (கத்தரித்தால் ஓரம் தெரியும்) பேப்பர் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்துச் சுற்றுங்கள். ஒரு சுற்று தமிழ்ப் பேப்பர், அடுத்த சுற்று இங்கிலீஷ் பேப்பர். இப்படி மாற்றி மாற்றி ஒட்டினால்தான் எந்த இடம் விட்டுப்போயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று சுற்றுக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

நான் ஆசைப்பட்டேன். அதுவும் கார்த்திகையில். ஒரே மூச்சில் எட்டுச் சுற்று ஒட்டிய செட்டியார் பொம்மை வெளியே கல் மாதிரி இறுகி, உள்ளே ஈரத்தோடு இருந்து, பத்தாம் நாள் தொப்பையில் பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது. பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூஞ்சையும் பேப்பரை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் அண்டாது என்று பழைய ஆட்கள் செய்வதுதான். ஆனால் அது விஷம், குழந்தைகள் புழங்கும் வீட்டிலும் சமையல் பாத்திரத்திலும் வேண்டவே வேண்டாம். ஆடி, ஆவணியில் செய்து முடித்தால் துத்தமே தேவைப்படாது, புரட்டாசியில் நேரே கொலுப்படிக்குப் போய்விடலாம். இன்னொன்று, கை கருப்பாகும். அந்த மை நல்லதில்லை என்றுதான் பஜ்ஜியைப் பேப்பரில் மடிக்காதீர்கள் என்று 2016-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. அப்புறமும் கடைகளில் கைக்குக் கை மாறுகிறது என்பது வேறு கதை. தடையில் விலக்குப் பெற்ற பால் கவர்தான் இப்போது நம்முடைய நிஜமான கச்சாப்பொருள், தினம் இரண்டு சேரும். வாயை முழுக்க வெட்டி, இரண்டு தண்ணீரில் அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். மூலையில் சொட்டுப் பால் தங்கினாலும் பின்னுகிற பாய் முடியும் முன்னே எறும்பு வந்துவிடும். பிறகு அடித் தையலை வெட்டி, நீளவாக்கில் மடித்து, குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கினால் வளையம் வளையமாக வரும். ஒன்றை ஒன்றுக்குள் கோத்து இழுத்தால் கயிறு. பிறகு குரோஷா ஊசியோ, சும்மா மூன்று கால் பின்னலோ, உங்கள் சௌகரியம்.

இஸ்திரிப் பெட்டியால் கவர்களை அடுக்கி ஒட்டவைக்கும் முறை எனக்குப் பிடிப்பதில்லை. கொஞ்சம் சூடு கூடினால் ஓட்டை, புகை, நாற்றம்.

மழைக்குப் பால் கவர்ப் பின்னல் அசையாது, திண்ணையில் போட்ட பாயை ஐப்பசி முழுக்க உதறி உதறி மாட்டிக்கொள்ளலாம். வெயில்தான் எமன். மொட்டை மாடியில் மறந்துவிட்ட என் பாய் அடுத்த சித்திரையில் கையில் எடுத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது, அந்தத் துகளைப் பெருக்கி எடுத்த அன்று எனக்குப் பேப்பர் மேலேயே பிரியம் கூடிவிட்டது. பேப்பர் பொம்மை பாழானால் ஊறப்போட்டு மறுபடி கூழாக்கலாம். நொறுங்கிய பிளாஸ்டிக் எங்கே போகும்? வாய்க்கால், அங்கிருந்து மதகு.

அதனால் அழகுக்கும் உருவத்துக்கும் என் ஓட்டு பேப்பருக்கு, மிதிபடுகிற நனைகிற பொருளுக்குப் பால் கவர். இரண்டையும் பசை போட்டு ஒட்டுவதை மட்டும் நான் செய்வதில்லை, அப்புறம் அது பழைய பேப்பர் கடைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் எடுப்பவருக்கும் ஆகாது. போன ஆடிப்பெருக்குக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சப்பரம் கேட்டான். பேப்பர் பூ செய்து கொடுத்தேன், பளபளவென்று வேண்டும் என்று அழுதான். பால் கவர்க் குஞ்சம் நாலு கட்டினேன், பசை இல்லை, வெறும் நூல்தான். ஆற்றங்கரைக்குப் போகும் முன் நானே போய் அவிழ்த்து வாங்கிக்கொண்டேன்.