டி.ஆர். ஏற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கல்யாணச் சமையல் எடுக்கும் ஒரு கடையின் இணையத்தளத்துக்கு நடந்தது இது. டி.ஆர். (டொமைன் ரேட்டிங், மற்ற தளங்கள் கொடுக்கும் லிங்க்கை வைத்து ஒரு தளத்துக்குப் போடும் மதிப்பெண்) 4-இல் கிடந்த தளத்தை மூன்றே மாதத்தில் 38 ஆக்குவதாகச் சொல்லி ஒரு விளம்பர நிறுவனம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. எண் சொன்னபடியே ஏறியது. ஆர்டர்தான் ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கு, "டி.ஆர்.தானே பேசினோம்?" என்று பதில். பேச்சு என்னவோ அதுதான், வயிற்றெரிச்சலே அதில்தான்.

டி.ஆர். என்பது, தளங்களின் லிங்க்குகளை அலசும் கருவி விற்கும் ஏஎச்ரெஃப்ஸ் நிறுவனம் போடும் எண். அதைப் போன்ற டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி), மோஸ் என்ற இன்னொரு நிறுவனம் போடுவது. இரண்டும் 100 வரை போகும், இரண்டும் கூகுளுடையவை அல்ல. கூகுள், லிங்க்கை வைத்துப் பக்கங்களுக்குத் தானே போடும் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-இலேயே நிறுத்திவிட்டது.

டி.ஆர். கணக்கில் மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: எத்தனை தளங்கள் நமக்கு லிங்க் கொடுக்கின்றன, அந்தத் தளங்களின் டி.ஆர். எவ்வளவு, அவை வேறு எத்தனை தளங்களுக்கு லிங்க் கொடுக்கின்றன. அந்தத் தளத்தை யாராவது படிக்கிறார்களா, அதற்கும் சமையலுக்கும் சம்பந்தம் உண்டா என்பதெல்லாம் அதில் கிடையாது. இந்த ஓட்டையில்தான் வியாபாரம் நடக்கிறது. காலாவதியான டொமைன்களை (தள முகவரிகளை) வாங்கி, பழைய லிங்க் பலத்தோடு குப்பைக் கட்டுரை போட்டு, அங்கிருந்து லிங்க் விற்பார்கள். அளவுகோலும் சமமானதல்ல: 5-லிருந்து 30 போவது சுலபம், 70-லிருந்து 75 போவது மலை.

அந்தக் கடைக்கு வந்த லிங்க்குகளைத் திறந்து பார்த்தால் சூதாட்டத் தளம், கடன் விளம்பரம், ஒரே பக்கத்தில் நூற்றுக்கணக்கான வெளி லிங்க். நடுவில் "பெஸ்ட் கேட்டரிங் பேராக்" என்று நம் கடை. ஒட்டுக்கடைக்குக்கூட இதைவிட நல்ல இடம் கிடைக்கும்.

இப்படிப்பட்ட லிங்க்குகளை கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காசு மட்டும் போகும். மோசமானால், தளத்துக்காரர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில், கூகுள் ஆட்களே பார்த்துப் போடும் தண்டனையான 'மேனுவல் ஆக்‌ஷன்' வரும். அது வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் விற்றவனிடமே லிங்க்கை எடுக்கச் சொல்லி, எடுக்காதவற்றை டிஸ்அவோ கோப்பில் (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியலில்) போட்டு, மறுபரிசீலனைக்கு கூகுளுக்கு எழுத வேண்டும். வராதவர்கள் பயந்துபோய் டிஸ்அவோ பக்கம் போகாதீர்கள். நல்ல லிங்க்கும் சேர்ந்து போய்விடும்.

காசு கொடுக்குமுன், லிங்க் வரப்போகும் தளங்களின் முகவரியை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றையும் ஏஎச்ரெஃப்ஸின் இலவசக் கருவியில் போட்டு, கூகுளிலிருந்து அதற்கு ஆள் வருகிறதா என்று பாருங்கள். டி.ஆர். 60, வருகை பூஜ்யம் என்றால் அது பெரும்பாலும் லிங்க் விற்கவே வைத்த தளம். மாதக் கட்டணம் நின்றால் லிங்க் இருக்குமா என்றும் கேளுங்கள். வாடகை லிங்க் என்றால் எண்ணும் கூடவே இறங்கிவிடும்.

"பட்டியல் ரகசியம், பணம் கட்டிய பிறகு தருகிறோம்" என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அந்த வெள்ளியை வைத்துக்கொண்டு, கூகுள் மேப்பில் கடையின் விலாசம், நேரம், சாப்பாட்டுப் படங்களைச் சரிசெய்யுங்கள். ஊருக்குள் தேடுபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.