மட்டக்களப்பு வாவியில் துடுப்புக் கயாக்கும் பெடல் கயாக்கும்

கல்லடிப் பகுதியில் வாவிக்கரையோரம் கயாக் எனும் ஒடுங்கிய சிறு படகுகளை வாடகைக்கு விடும் இடமொன்றில், துடுப்பால் வலிக்கும் கயாக்கும் காலால் மிதித்துப் புரொப்பெலரைச் சுழற்றும் பெடல் கயாக்கும் கிடைக்கின்றன. ஒரே நீரிலும் ஒரே காற்றிலும் இரண்டையும் ஓட்டி ஒப்பிட முடிவது இந்தச் சேவையின் பெரும் சிறப்பு.

ஆழமான திறந்த நீரில் பெடல் கயாக்கே மேலானது. தொடைத் தசைகள் கைத்தசைகளைவிட வலியவை. புரொப்பெலரும் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. துடுப்பிலோ, ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் படகு சற்றே வேகம் இழக்கிறது. கச்சான் காற்று எதிரே வீசும் வேளையில், மேலே எழும் அலகும், அதாவது துடுப்பின் தட்டையான முனையும், காற்றை வாங்குகிறது. ஆனால் காலின் வலுவை நம்பி விரைவாக மிதிப்பதில் பெரிய பயன் இல்லை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதற்கே உடல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலுவை மேலதிகமாகச் செலவிட வேண்டும் என்பதால், சீராக மிதிப்பவரே நெடுந்தூரம் செல்வார்.

கரையோரத்தில் நிலைமை மாறுகிறது. நம் வாவி பல இடங்களில் ஆழம் குறைந்தது. ஆற்றுவாழையும் நீர்ப்புற்களும் புரொப்பெலரில் சுற்றிக்கொண்டால் அதைத் தூக்கித் துப்புரவாக்காமல் நகர முடியாது. கயாக் தயாரிக்கும் ஹோபி நிறுவனம் 1997 இல் அறிமுகப்படுத்திய, இரு துடுப்புச்செட்டைகள் பக்கவாட்டில் அசைந்து தள்ளும் முறையில், அவற்றைப் படகின் அடியோடு ஒட்டி மடக்கிக்கொள்ள முடியும். அத்தகைய கயாக் ஒன்றாவது இங்கு இருந்தால் வாவிக்கு இன்னும் பொருந்தும். கண்டல்களுக்கிடையே நுழைவதற்குத் துடுப்பை விஞ்சிய கருவி இல்லை. பின்னே வரவும், நின்ற இடத்திலேயே திரும்பவும் அது போதும்.

துடுப்பின் பயன் வலிக்கும் முறையைப் பொறுத்தது. இங்குள்ள வழிகாட்டி இளைஞர் படகை நீரில் இறக்குமுன் அதைப் பொறுமையாகக் கற்றுத் தருகிறார்: அலகைக் கால்விரல்களுக்கு நேரே முழுவதும் அமிழ்த்தி, கையால் இழுக்காமல் உடலைத் திருப்பி வலித்து, இடுப்பளவில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னே கொண்டுபோனால் அலகு நீரை மேலே தூக்குவதிலேயே உழைப்பு வீணாகும். படகிலிருந்து விலக்கி வலித்தால் முன்னே செல்வதற்குப் பதிலாகப் படகு திரும்பும். இந்தப் பாடத்துக்காகவே இவ்விடத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

குறை துடுப்புகளில்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே நீளமுள்ள, பாரமான அலுமினியத் துடுப்புகள். ஒவ்வொரு வலிப்பிலும் அந்தப் பாரத்தைத் தோள்தான் தூக்குகிறது என்பதால், உயரம் குறைந்தவர்களும் சிறுவர்களும் விரைவில் களைத்துவிடுகிறார்கள். பந்தயக்காரர்கள் பயன்படுத்தும், சிறகுபோல் வளைந்த அலகுள்ள துடுப்பு இங்கு தேவையில்லை. இலேசான நார்க்கண்ணாடித் (ஃபைபர்கிளாஸ்) துடுப்புகளை இரண்டு மூன்று நீளங்களில் வைத்தாலே போதும். புதிய பெடல் கயாக் வாங்குவதைவிட இதற்குச் செலவும் மிகக் குறைவு.