பிசைவதா, நறுக்குவதா, அரைப்பதா? தக்காளியின் வெட்டு பற்றி ஓர் ஒப்பீடு

தக்காளியைப் பொடியாக நறுக்க வேண்டுமா, பெரிதாக நறுக்க வேண்டுமா என்பதுதான் சமையல் குறிப்புகளில் வழக்கமாக எழும் கேள்வி. துண்டின் அளவைக் காட்டிலும் முக்கியமானது, பழத்தின் சாறு எப்போது, எங்கே, எவ்வளவு வெளியேறுகிறது என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. பழுத்த தக்காளியின் எடையில் ஏறத்தாழ 94 அல்லது 95 சதவீதம் தண்ணீர்தான். கத்தியோ கையோ மிக்ஸியோ எதுவானாலும், அந்தத் தண்ணீரை அடுப்புக்கு முன்பே விடுவிப்பதா, வாணலியில் விடுவிப்பதா, அல்லது துண்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதா என்று முடிவு செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தோல், சதை, விதையறைகள் என மூன்று பகுதிகள் தெரியும். விதைகளைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பான சாற்றை வெறும் தண்ணீர் என்று நினைத்து வழித்து எறிபவர்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நாக்கில் தங்கும் சுவையைத் தருகிற குளுட்டமிக் அமிலம் வெளிச்சதையைவிட இந்த விதைச்சாற்றிலேயே பல மடங்கு அதிகமாக இருப்பதாகக் கண்டறிந்தார்கள். தட்டையாகவும் வரிவரியாகவும் இருக்கும் நாட்டுத் தக்காளியில் விதையறைகள் அதிகம், புளிப்பும் அதிகம். பெங்களூர்த் தக்காளி என்று கடைகளில் சொல்லப்படும் நீள்வடிவ ஒட்டு ரகத்தில் அறைகள் குறைவு, சதை தடிமன். எந்த வெட்டு சிறந்தது என்ற வாதத்தில் பாதி, எந்தப் பழம் கையில் இருக்கிறது என்று கேட்டாலே முடிந்துவிடும்.

ரசத்தில் இந்தப் போட்டி மிகத் தெளிவாகத் தெரிகிறது. நறுக்கிப் போடுவது, அரைத்து ஊற்றுவது, கையால் பிசைவது என்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ரசம் நெடுநேரம் கொதிக்கும் பண்டம் அல்ல. நுரை கட்டி மேலெழுந்ததும் இறக்கிவிடுகிறோம். அந்தக் குறுகிய நேரத்தில் கத்தியால் நறுக்கிய துண்டு தன் சாற்றை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதில்லை. ரசம் ஒருபுறமும் தக்காளி ஒருபுறமுமாக நிற்கும். மிக்ஸியில் அரைத்தால் சாறு முழுவதும் இறங்கிவிடும் என்பது உண்மையே. கூடவே சதையும் தோலும் நுண்ணிய துகள்களாகி நீரில் மிதப்பதால், மேலே தெளிவும் அடியில் வண்டலுமாக இருக்க வேண்டிய ரசம் ஒரேயடியாகக் கலங்கி, பார்வைக்கும் நாக்குக்கும் நீர்த்த குழம்பு போலாகிவிடுகிறது. கையால் பிசையும்போது விதையறைகள் உடைந்து சாறு முழுதும் புளித்தண்ணீரில் கலந்துவிடுகிறது. சதையோ நார்நாராகக் கிழிந்து பெரிய துணுக்குகளாகவே நிற்கிறது. சுவை நீருக்குப் போகிறது, சதை சதையாகவே இருக்கிறது. இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது கையில் மட்டும்தான். கல்யாணச் சமையலில் அண்டாக் கணக்கில் ரசம் வைப்பவர்கள் பலரும் இன்றும் தக்காளியைக் கையாலேயே கரைப்பதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழம் செங்காயாக இருந்து கைக்கு மசியாவிட்டால், ஒரு கொதி வேகவைத்துத் தோலை உரித்துவிட்டுப் பிசையலாம். மிக்ஸியைத் தேட வேண்டியதில்லை.

சாம்பாரில் கேள்வி வேறு. இங்கே தக்காளி கரைந்து மறையவும் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. நான்காக வகிர்ந்து போடுவதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். நாட்டுத் தக்காளி சிறியதாக இருந்தால் இரண்டாகவே போதும். துவரம்பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைப்பவர்கள் பொடியாக நறுக்கிக் கலந்துவிடாமல் இருப்பது நல்லது, ஏனெனில் புளிப்பு பட்டால் பருப்பு வேகத் தாமதமாகும். முழுப்பழத்தைப் பருப்பின் மேல் வைத்தால் புளிப்பு தோலுக்குள்ளேயே பெரிதும் அடங்கியிருக்கும். திறந்ததும் தோலை உருவிவிட்டு மத்தால் கடைந்துகொள்ளலாம். பருப்பு ரசத்துக்கும் கொங்குப் பகுதியின் தக்காளிக் கடைசலுக்கும் இந்த முறை கனகச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வெண்டைக்காய்ச் சாம்பாரில் கரண்டியில் ஒரு தக்காளித் துண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது.

மிகுந்த சச்சரவுக்கு உரியது குருமா, சால்னா, தொக்கு போன்ற வதக்கும் பண்டங்கள். பொடியாக நறுக்குவது, அரைத்த விழுது, துருவியது என்ற மூன்றில் இப்போது விழுதே பெரும்பாலோரின் தேர்வு. வேகமானது, குழம்பும் வழவழப்பாக வருகிறது என்பார்கள். அதன் விலையையும் சொல்ல வேண்டும். மிக்ஸி காற்றையும் சேர்த்து அடிப்பதால் விழுது சிவப்பாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பு நுரையாக வருகிறது. அதை வாணலியில் ஊற்றியதும் எண்ணெயின் சூடு தணிந்து, வதங்க வேண்டியது வேகத் தொடங்குகிறது. பச்சை வாசனை போக நேரமாகிறது, கெட்டியாகும் தருணத்தில் அடுப்பெங்கும் தெறிக்கிறது. பொடியாக நறுக்கியதோ துண்டு துண்டாகச் சூட்டைச் சந்திப்பதால் சாறு விட விட வற்றி, உப்பைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் இன்னும் விரைவாக மசிந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறது.

இதன் பின்னால் ஒரு வேதியியல் காரணமும் உண்டு. தக்காளிக்குக் கெட்டித்தன்மையைத் தருவது அதன் செல்சுவர்களில் உள்ள பெக்டின். பழத்தை நசுக்கியதும் அதிலேயே இருக்கும் நொதிகள் விடுபட்டு அந்தப் பெக்டினைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அரைத்த விழுதைச் சிறிது நேரம் வைத்திருந்தால் சதை தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். கெட்டியான தக்காளிக் கூழ் தேவைப்படும் தொழிற்சாலைகளில் பழத்தை நசுக்கிய உடனே ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். வீட்டில் இதற்கு இணையானது, நறுக்கிய கையோடு சூடான எண்ணெயில் போடுவதுதான். ஆகவே தொக்குக்கு என் தேர்வு ஐயமின்றிக் கத்தி. வேடிக்கை என்னவென்றால், தொக்கைக் கெடுக்கும் அதே நொதி ரசத்துக்கு உதவுகிறது: பிசைந்த தக்காளி புளித்தண்ணீரில் சற்று நேரம் ஊறினால் சாறு இன்னும் மெலிதாகிறது, ரசத்துக்கு வேண்டியதும் அதுவே.

வழவழப்பு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, மிக்ஸியைவிடத் தேங்காய்த் துருவல் போடும் பெட்டித் துருவியைப் பரிந்துரைப்பேன். பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதையும் சாறும் கீழே விழ, தோல் மட்டும் உள்ளங்கையில் தங்கிவிடும். நுரையும் இல்லை, தோல் சுருள்களும் இல்லை. நான்கு பழங்களுக்கு இது சரி. இருபது பேருக்குச் சால்னா வைப்பவரிடம் துருவியை நீட்டுவது அநியாயம். அவர் மிக்ஸியையே பயன்படுத்தட்டும், விழுதை மட்டும் அரைத்தவுடன் ஊற்றிவிடட்டும்.

பிரியாணிக்கு நீளவாக்கில் மெலிதாகச் சீவுவதே நல்லது. துண்டு வெங்காயத்தோடு ஒரே சீராக வதங்கி, இறைச்சி வேகும் நேரத்தில் தானாகவே கரைந்துவிடுகிறது. விழுதை ஊற்றினால் அரிசிக்கு அளந்து வைக்கும் தண்ணீரின் கணக்கு தவறி, சீரகச் சம்பா குழைந்துவிடும் வாய்ப்பு அதிகம். தக்காளிச் சட்னியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: எப்படியும் அம்மியிலோ மிக்ஸியிலோ போகப்போவதை அழகாக நறுக்குவது நேர விரயம். இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் சுருள வதக்கினால் போதுமானது.

தயிர்ப் பச்சடி, ஆம்லெட், சாண்ட்விச் ஆகிய மூன்றிலும் சாறு பகையாகிறது. வட்ட வில்லையாக நறுக்கினால் எல்லா விதையறைகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு ரொட்டியை ஊறவைத்துவிடும். ஆயினும் சாண்ட்விச்சில் வில்லைதான் வழுக்காமல் படியும் என்பதால், அறைகள் குறைவான ஒட்டு ரகத்தைத் தேர்ந்தெடுத்து, உண்ணும் வேளையில் அடுக்குவதே வழி. பச்சடிக்கு வேறு முறை இருக்கிறது. பழத்தைக் குறுக்கே வெட்டி, லேசாக அழுத்தி விதைச்சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, மிஞ்சும் சதையை மட்டும் சிறு கட்டங்களாக நறுக்க வேண்டும். உப்பைக் கடைசியில் சேர்க்காவிட்டால் சதையிலிருந்தும் நீர் விட்டுத் தயிர் நீர்த்துப்போகும். சமைக்காத தக்காளியின் அந்தப் புல்வாசனை, வெட்டிய பிறகு நொதிகளின் செயலால் உண்டாவது என்பதால், பச்சடிக்கு முன்கூட்டியே நறுக்கிக் குளிர்பெட்டியில் வைப்பதிலும் பொருளில்லை. குளிர் அந்த மணத்தை மங்கச் செய்கிறது.

எதைக் கொண்டு வெட்டுவது என்பதிலும் இரு கட்சிகள் உண்டு. மழுங்கிய கத்தி தோலில் வழுக்கி, வெட்டுவதற்கு முன்பே பழத்தை நசுக்கிவிடும். பல்லுள்ள சிறு கத்தி அந்தத் தொல்லையைத் தராது. ஆனால் பலகையில் நறுக்கும்போது சாற்றில் ஒரு பங்கு பலகையோடு போய்விடுகிறது. அரிவாள்மனையில் இரு கைகளாலும் பழத்தைப் பிடித்து, கீழே பாத்திரத்தை வைத்து அரிந்தால் ஒரு சொட்டும் வீணாவதில்லை என்பது அதன் பெரிய நன்மை. பொடியாகவும் ஒரே அளவாகவும் அரிய மட்டும் நெடுநாள் பழக்கம் வேண்டும். கத்திக்காரர்களுக்கு ஒரு சிறு யோசனை: பலகையில் தேங்கிய சாற்றையும், பச்சடிக்காகக் கிண்ணத்தில் வடித்த விதைச்சாற்றையும் கழுவிக் கொட்டாமல், அன்றைய ரசத்தின் புளித்தண்ணீரில் சேர்த்துவிடலாம், அந்த ரசத்துக்கு ஒரு தக்காளி குறைவாகவே போதும்.