வாசல் விளக்கு: சோலாரா, பிளக்கா?

தீபாவளிக்குக் கட்டிய விளக்கையே கிறிஸ்துமஸ் வரை இழுக்கும் வீடுகள் கோலாலம்பூரின் செந்தூலில் உண்டு. இங்கே நவம்பர், டிசம்பரில் மதியம் தாண்டினால் அடிக்கடி மழை. சோலார் விளக்குச் சரம் காலை வாருவது அங்கேதான். வெயில் குறைந்தால் பேட்டரி நிறையாது. கேரல் பாட வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது விளக்கு மங்கிக் கிடக்கும். ஒயர் இழுக்க வேண்டாம், கரண்டு பில் இல்லை, அவ்வளவுதான் லாபம்.

என் ஓட்டு பிளக் சரத்துக்கே. வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள், அதில் சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை இருக்க வேண்டும். தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான ஐபி எண்ணையும் பாருங்கள்: கூரைக்கு அடியில் ஐபி44 சமாளிக்கும், திறந்தவெளிக்கு ஐபி65. சரம் நனையலாம், அடாப்டரை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். போன வருஷம் என்னுடையதைப் பூந்தொட்டி ஓரம் வைத்தேன், ஒரே மழையில் போய்விட்டது.