சந்தாவா, பழைய இதழ்களின் சேகரிப்பா, மின்னிதழா?

மனத்துக்குப் பிடித்த இதழைத் தொடர்ந்து தம் வசம் வைத்திருக்க விரும்பும் வாசகர் சந்தா கட்டலாம், பழைய இதழ்களைத் தேடிச் சேர்க்கலாம், அல்லது மின்னிதழாகப் படிக்கலாம். மூன்றும் ஒரே ஆசையின் கிளைகள்போலத் தோன்றினாலும், இதழை வாழவைப்பதில் அவை சமமானவை அல்ல.

சந்தாவின் பெரும் பலன், நாம் கேட்காததும் நம் கைக்கு வந்து சேர்வதுதான்; விரும்பிய ஒரு தொடருக்காக இதழைப் பிரிப்பவர், தாமாக ஒருபோதும் தேடிப் போயிருக்காத கட்டுரை ஒன்றில் மூழ்கிவிடுகிறார். அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே. 1836இல் சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் மாதப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கியபோது ஆயிரத்துக்கு மேற்படாத படிகளே அச்சாயின. அடுத்த ஆண்டு அது முடிகையில் விற்பனை சுமார் 40,000 படிகளை எட்டியிருந்தது. மேலும், முன்கூட்டியே செலுத்தப்படும் சந்தாத் தொகையை நம்பித்தான் சிறிய இதழ்கள் அடுத்தடுத்த இதழ்களைத் திட்டமிடுகின்றன. கைமாறி வரும் பழைய இதழுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் எதுவும் அந்த இதழை நடத்துபவர்களைச் சென்றடைவதில்லை.

ஆயினும் பழைய இதழின் ஈர்ப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. தொகுப்பு நூலாக வரும்போது கதைகளும் கட்டுரைகளும் தங்கிவிடுகின்றன. விளம்பரங்களும், வாசகர் கடிதங்களும், 'அடுத்த இதழில்' என்ற அறிவிப்பும் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு கதை முதன்முதலில் எவற்றுக்கு நடுவே வாசிக்கப்பட்டது என்பதை மூல இதழ் மட்டுமே காட்டும். ஆனால் அதைக் காப்பது எளிதன்று. மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது. தாளின் அமிலம் அதன் இழைகளை அறுத்து, மடிப்பிலேயே ஒடியச் செய்கிறது. இதழின் முதுகில் அடித்த கம்பி ஊசி துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் செம்மண் நிறக் கறையை விட்டுச்செல்கிறது. பாதுகாப்புக்கென்று பிவிசி நெகிழி உறையில் போட்டால் அந்த உறையே நாளடைவில் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும்தான் தக்கவை. இத்தனைக்கும் மேலாக, வரிசையில் விடுபட்ட எண் ஒன்று உறுத்தத் தொடங்கியதும், படிப்பதற்காக வாங்கியவர் வரிசையை நிரப்புவதற்காக வாங்கத் தொடங்கிவிடுகிறார். சேகரிப்பின் உண்மையான ஆபத்து இதுவே என்று கருதுகிறேன்.

மின்னிதழ் இடத்தை அடைக்காது. வேண்டிய சொல்லை நொடியில் தேடித் தரும். ஆனால் பெரும்பாலும் நாம் பெறுவது படிக்கும் உரிமையே அன்றி உடைமை அன்று. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணம் திருப்பித் தரப்பட்டாலும், வாங்கிய நூல்கள் வாசகர்களின் கருவிகளிலிருந்து மறைந்தன.

ஒன்றுக்கு மட்டுமே வசதி இருக்குமாயின், இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் இதழுக்கு அச்சுச் சந்தா கட்டுவதையே பரிந்துரைப்பேன். நின்றுபோன இதழுக்குச் சேகரிப்பைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் முழு வரிசையையும் துரத்தாமல், ஓர் ஆசிரியரின் காலத்தையோ ஒரு தொடர்கதை வெளிவந்த ஆண்டுகளையோ எல்லையாக வகுத்துக்கொள்வது நல்லது.