எக்ஸ்சிடெஸ்ட்டா, ஸ்விஃப்ட் டெஸ்டிங்கா? யூனிட் டெஸ்ட்டை எதில் எழுதுவது

ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோடு 16-உடன் 2024-இல், பழைய சோதனைக் கட்டமைப்பான எக்ஸ்சிடெஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்விஃப்ட் டெஸ்டிங் வந்ததிலிருந்து ஐஓஎஸ் குழுக்களில் இந்தக் கேள்வி ஓயவில்லை. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக எழுதும் யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதியைத் தனியே சோதிப்பது) ஒவ்வொன்றும் ஸ்விஃப்ட் டெஸ்டிங்கில் இருக்கட்டும். பழையதை ஒரேயடியாகப் பிரித்துப் போட வேண்டாம். ஒரே டார்கெட்டில் (எக்ஸ்கோடு ஒன்றாகக் கட்டும் தொகுதியில்) இரண்டும் ஓடும்.

எக்ஸ்சிடெஸ்ட்டை விடவே முடியாத இடங்களும் உண்டு. திரையை இயக்கிப் பார்க்கும் யுஐ டெஸ்ட், வேகத்தை அளக்கும் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட், ஆப்ஜெக்டிவ்-சியில் எழுதிய டெஸ்ட் ஆகிய மூன்றும் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

எழுதும் முறையில் உள்ள வித்தியாசம் பார்த்தவுடன் புரிந்துவிடும். கிளாஸ் எடுத்து, ஃபங்ஷன் பெயரை ‘டெஸ்ட்’ என்று தொடங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது; ஒரு ஸ்ட்ரக்ட் போதும். முடிவைச் சரிபார்க்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட அசர்ட் ஃபங்ஷன்களின் வேலையை ‘எக்ஸ்பெக்ட்’, ‘ரிக்வயர்’ என்ற இரண்டு மேக்ரோக்கள் பார்த்துக்கொள்கின்றன. தோற்றால் இரண்டு பக்க மதிப்பையும் பிரித்துக் காட்டும். ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் வசதியும் உண்டு. அதில் ஒரு கவனம் தேவை: இரண்டு பட்டியல் கொடுத்தால் எல்லாச் சேர்க்கையும் ஓடும், 10-க்கு 10 கொடுத்தால் 100 டெஸ்ட். ஜோடி ஜோடியாக வேண்டுமென்றால் ‘ஜிப்’ போட்டுக் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாம் வசதிகள்தான். நான் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இணையாக ஓடும் விதம். எக்ஸ்சிடெஸ்ட்டில் இணை ஓட்டம் என்பது நாமே தேர்ந்தெடுக்க வேண்டியது. அப்போதும் கிளாஸ்கள் பல பிராசஸ்களுக்கு (தனித்தனியே ஓடும் நிரல்களுக்கு), சிமுலேட்டரின் தனித்தனி நகல்களுக்குப் பிரிந்து போகும். நினைவகம் தனித்தனி என்பதால் சிங்கிள்டனை (ஆப் முழுவதும் பகிரும் ஒரே பொருளை) இரண்டு டெஸ்ட்கள் ஒரே நேரத்தில் தொட வழியில்லை. தவறு இருந்தாலும் மறைந்தே கிடக்கும். ஸ்விஃப்ட் டெஸ்டிங்கிலோ எல்லா டெஸ்ட்டும் ஒரே பிராசஸுக்குள், இயல்பாகவே இணையாக ஓடுகின்றன. நேற்று வரை பச்சையாக இருந்தது மாற்றிய மறுநாள் ஒருமுறை தோற்கும், ஒருமுறை தேறும். கருவியைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் பொதுவில் பகிர்ந்த நிலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது, அதைச் சரிசெய்த பிறகு டெஸ்ட் பராமரிப்பு குறைந்துவிடும்.

இப்படிப் பகிர்ந்த நிலையாக வழக்கமாக மாட்டுபவை நான்கு. ஆப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் யூசர்டிஃபால்ட்ஸின் பொதுவான ‘ஸ்டாண்டர்ட்’ முதல் ஆள். அதற்குப் பதில் ஒவ்வொரு டெஸ்ட்டும் யுயுஐடி (திரும்ப வராத அடையாளம்) கொண்டு தனக்கென ஒரு சூட் பெயர் (தனிச் சேமிப்பிடத்தின் பெயர்) வைத்துக்கொள்ளட்டும். தற்காலிகக் கோப்புகளுக்கும் அதே வழி, தனித்தனி ஃபோல்டர். நெட்வொர்க்கை ஏமாற்ற, கோரிக்கைகளை இடைமறிக்கும் யுஆர்எல்புரோட்டோகாலில் எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான ஒரு ஸ்டாட்டிக் ஹேண்ட்லர் வைக்கும் பழக்கம் இங்கே கட்டாயம் உடையும். ஒரு டெஸ்ட்டின் பதில் இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். நெட்வொர்க் கிளையன்ட்டை, பொருளை உருவாக்கும் இனிஷியலைசர் வழியாகக் கொடுப்பதே நிரந்தரத் தீர்வு. நான்காவது சிங்கிள்டன். அதை உடனே பிரிக்க முடியாவிட்டால் டாஸ்க்லோக்கல் மதிப்பாக (அந்த டாஸ்க்குக்குள் மட்டும் தெரிவதாக) மாற்றி, ஸ்விஃப்ட் 6.1-இல் வந்த டெஸ்ட் ஸ்கோப்பிங் டிரெய்ட்டால் (டெஸ்ட்டின் மேல் போடும் குறிப்பால்) ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி மதிப்பு கொடுக்கலாம். தனியே பிரிந்து ஓடும் டிடாச்ட் டாஸ்க்கும், வேலையை வரிசையில் வைக்கும் டிஸ்பாட்ச் க்யூவும் அந்த மதிப்பை எடுத்துச் செல்லாது என்பதை மறக்க வேண்டாம்.

‘சீரியலைஸ்ட்’ டிரெய்ட் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது போட்ட டெஸ்ட் சூட்டுக்குள் (டெஸ்ட்களின் தொகுப்புக்குள்) மட்டுமே வரிசையாக ஓட்டும். பக்கத்துச் சூட் அதே நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே வளத்தைத் தொடும் இரண்டு சூட்களையும் ஒரு தாய்ச் சூட்டுக்குள் வைத்து, அந்தத் தாய்க்குப் போட்டால்தான் பலன். அதுவும் தற்காலிகக் கட்டுதான்.

மாற்றும்போது இடறும் வேறு சில. எக்ஸ்சிடெஸ்ட்டின் சாதாரண ஃபங்ஷன்கள் ஆப்பின் முதன்மை ஓட்டமான மெயின் திரெட்டில் ஓடும். இங்கே அந்த உறுதி இல்லை, தேவைப்பட்டால் மெயின்ஆக்டர் என்று குறிக்க வேண்டும். ஒரு நிகழ்வு நடந்ததா என்று பார்க்கும் ‘கன்ஃபர்மேஷன்’ பழைய எக்ஸ்பெக்டேஷன் போலக் காத்திருக்காது. அதன் குளோஷர் முடிவதற்குள் நிகழ்வு வராவிட்டால் தோல்வி. வேலை முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக் கோடுக்கு கன்டினியூவேஷன் வைத்து அவெய்ட் செய்ய (முடியும்வரை காத்திருக்க) வேண்டும். எக்ஸ்கோடு 16-இல் மிக ஆபத்தானது, புதிய டெஸ்ட்டுக்குள் பழைய அசர்ட்டை விட்டுவைப்பது. அது தோற்றாலும் தோல்வி பதிவாகாது, டெஸ்ட் பச்சையாகவே தெரியும். மாற்றிய கோப்பில் ‘எக்ஸ்சிடி’ என்று தேடி ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள். தசம எண்களுக்கு, எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்று சொல்லும் பழைய ‘அக்யூரசி’ இல்லை; வித்தியாசத்தின் முழுமதிப்பை நாமே ஒப்பிட வேண்டும்.

ஸ்விஃப்ட் 6.2-இன் எக்ஸிட் டெஸ்ட், பிரிகண்டிஷன் (கோடு கட்டாயமாக்கும் முன்நிபந்தனை) உடைந்து பிராசஸ் சாவதையே சோதிக்க வழி தருகிறது. எக்ஸ்சிடெஸ்ட்டில் இதற்கு இணை இல்லை. மேக்கில் ஓடும், ஐஓஎஸ் சிமுலேட்டரில் ஓடாது. ஆகவே தர்க்கத்தைத் தனி ஸ்விஃப்ட் பேக்கேஜாகப் பிரித்தவர்களுக்கே இது கைகொடுக்கும். எல்லாம் ஆப் டார்கெட்டிலேயே கிடக்கும் புராஜெக்ட்டுக்கு இதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன். அங்கே சிங்கிள்டனைத் தொடாத மாடல், பார்சர் (தரவைப் பிரித்துப் படிக்கும் கோடு) டெஸ்ட்களிலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள். நெட்வொர்க் டெஸ்ட்கள் கடைசியில் வரட்டும்.