மீனாட்சி வேஷமும் மூன்று தொடர்களும்

போன வருஷம் அக்கா மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மீனாட்சி திக்விஜயம் நாடகம் போட்டார்கள். வசனம் முழுவதையும் ஒரே வாரத்தில் உருப்போட்டு வைத்திருந்தாள். வேஷம் வேறொரு பிள்ளைக்குப் போனது. "மேடையில லைட் அடிச்சா இவ முகம் எடுபடாது" என்று காரணம் சொன்னார்களாம். நல்ல கருப்பு நிறம் அவளுக்கு. அம்மனை மரகதவல்லி என்று கும்பிடுகிற ஊரில், எட்டுத் திக்கும் ஜெயித்து வந்தவளின் வேஷத்துக்கு நிறம் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு வரை எனக்கு ஆறவில்லை.

அந்தக் கோடை லீவில் நானும் அவளும் செல்லூர் வீட்டில் உட்கார்ந்து சூப்பர் ஹீரோ தொடர்களாகப் பார்த்துத் தீர்த்தோம். அதில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எத்தனை கருப்பு முகம், எத்தனை பெண் முகம் என்று தலை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கதை யார் வீட்டுக்குள் நடக்கிறது என்றுதான் பார்த்தேன்.

'சூப்பர்கேர்ள்' 2015 முதல் 2021 வரை ஆறு சீசன் ஓடியது. நாயகியைச் சுற்றி அக்கா, முதலாளி, தோழி என்று எங்கும் பெண்கள். அந்த வகையில் தாராளம். நிறம் என்று வந்தால் கை சுருங்கிவிடுகிறது. மெஹ்காட் புரூக்ஸ் நடித்த ஜேம்ஸ் ஆல்சன் கருப்பினத்தவர், பின்னால் முகமூடி போட்டுச் சண்டையும் போடுகிறார். ஆனாலும் அடுத்தவர் கதைக்குத் துணை நிற்கிற ஆளாகவே ஐந்தாவது சீசனில் ஊரை விட்டுக் கிளம்புகிறார்.

இந்தத் தொடரைக் காப்பாற்றுவது நான்காவது சீசனில் வரும் நியா நால். நடித்த நிக்கோல் மெய்ன்ஸும் திருநங்கைதான். கனவில் நடக்கப்போவதை அறியும் சக்தி அந்த வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு வரும். அக்காவுக்கு வரும் என்று எல்லோரும் காத்திருக்க, நியாவுக்கு வந்துவிடுகிறது. நீ உண்மையான பெண்கூட இல்லையே என்று அக்கா கேட்கிறாள். கூடப் பிறந்தவள் வாயிலிருந்து வருகிறது அந்தக் கேள்வி. அது ஒளிபரப்பான 2019-ல்தான் மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டை விட்டு வந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர் அவர்.

'லூக் கேஜ்' 2016-ல் வந்தது. லூக்கின் தோலைத் தோட்டா துளைக்காது, சட்டைதான் கிழியும். தோட்டா துளைத்த ஹூடியோடு (தலைமூடி வைத்த மேல்சட்டை) ஒரு கருப்பின ஆண் நிமிர்ந்து நடக்கிறான். 2012-ல் ஃபுளோரிடாவில் ஹூடி போட்டு நடந்துபோன 17 வயதுக் கருப்பினப் பையன் டிரேவான் மார்ட்டின் சுடப்பட்டதை அறிந்தவர்களுக்கு அந்த உருவம் நெஞ்சை அடைக்கும். போலீஸ் லூக்கைத் தேடும்போது அவன் வாழும் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி ஆட்கள் தாங்களும் ஓட்டை போட்ட ஹூடியோடு தெருவில் நடமாடுகிறார்கள். ஊரே அவனுக்கு வீடு. இதில் சூப்பர்கேர்ள் பக்கத்தில்கூட வர முடியாது. மிஸ்டி நைட்டும் மரியாவும் வலுவான பெண்கள்தான். ஒருத்தி போலீஸ், இன்னொருத்தி அரசியல்வாதி. இருந்தாலும் கதையின் மையம் ஆணின் உடம்பு. (காமிக்ஸில் லூக் பிறந்தது 1972-ல். அதே வருஷம்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் நமக்கு இரும்புக்கை மாயாவியைக் கொடுத்தது.)

'மிஸ் மார்வெல்', 2022, ஆறே எபிசோட். ஜெர்சி சிட்டியில் ஒரு பாகிஸ்தானிய வீட்டுப் பெண் கமலா கான். அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கூட்டத்தின் ரசிகர் விழாவுக்குப் போகக் கேட்கிறாள். அம்மா முனீபா பச்சை ராட்சத ஹீரோ ஹல்க் மாதிரி சல்வார் கமீஸ் தைத்து வைத்து, அப்பாவையும் ஹல்க் வேஷத்தில் துணைக்கு அனுப்பப் பார்க்கிறாள். அவமானமா இருக்கும் என்று மகள் சொல்லிவிட, பச்சைச் சாயம் பூசிய அப்பாவின் முகம் வாடிப்போகிறது. கடைசி எபிசோடில் சாகச உடையைத் தைத்துக் கையில் கொடுப்பதும் அதே அம்மா. பள்ளிவாசலில் பெண்கள் பகுதி கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கேட்க, தோழி நகியா நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்று ஜெயிக்கிறாள். நிறமும் பெண்மையும் ஒரே வீட்டுக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. எங்கள் இருவரின் ஓட்டும் இதற்குத்தான்.

ஒரு பெரிய குறை மட்டும் உண்டு. 2014-ல் வந்த காமிக்ஸில் கமலாவுக்கு உருவம் மாற்றும் சக்தி. கிடைத்ததும் முதலில் தான் கொண்டாடும் சூப்பர் நாயகி, பொன்னிறக் கூந்தல்காரி கேரல் டான்வர்ஸாகத்தான் மாறிப் பார்க்கிறாள், அது அவளுக்கு ஒட்டவே இல்லை. தொடரில் கொள்ளுப்பாட்டியின் வளையல், ஒளி என்று மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததே அந்த உருவம் மாறிப் பார்க்கிற காட்சிதான். கதையை நான் சொல்லச் சொல்ல, அக்கா மகள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்புறம் தன் மூஞ்சிக்கே வந்துருச்சா சித்தி அந்தப் பிள்ளை?"

"வந்துருச்சுடி."

'வாட்ச்மென்' தொடரை அவளுக்கு இன்னும் காட்டவில்லை. ஒரு கருப்பினப் போலீஸ்காரர் முகமூடிக்குள்ளும் கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்வார் அதில். பிளஸ் டூ முடியட்டும்.